மூச்சுக்குக் கணக்கு எழுதிய மேதை ஹால்டேன்

2024-ம் ஆண்டு ஜூலை 13-ம் தேதி. திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய கூலித் தொழிலாளி ஒருவர் மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். குப்பை அடைத்த அந்த இருட்டுச் சுரங்கத்திற்குள் தீயணைப்புப் படையின் முக்குளிப்பு வீரர்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நுழைந்தார்கள். கொச்சியிலிருந்து கடற்படையினரும் வந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அந்தத் தொழிலாளியின் உடல்தான் கிடைத்தது. தம்பானூரில் கூடி நின்ற ஜனங்களில் தமிழ் பேசுகிறவர்களும் ஏராளம்.

வீரர்கள் உள்ளே போவதும், சற்று நேரத்தில் வெளியே வருவதும், மறுபடி போவதுமாக இருந்ததைப் பலரும் பார்த்தார்கள். போனவர்கள் ஏன் உடனே திரும்பி வருகிறார்கள் என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். முதுகில் இருக்கும் காற்றுக்குக் கணக்கு உண்டு. போவதற்குக் கொஞ்சம், திரும்புவதற்குக் கொஞ்சம், ஆபத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரித்துத்தான் தண்ணீருக்குள் நுழைய வேண்டும். கணக்குத் தவறினால் காப்பாற்றப் போனவரையும் காப்பாற்ற முடியாது.

இந்த மூச்சுக் கணக்கைத் தம் உடலையே பலகையாக வைத்து எழுதிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. பிறந்தது இங்கிலாந்தில். இறந்தது இந்தியக் குடிமகனாக, புவனேஸ்வரத்தில். அவர்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

சுரங்கத்தில் ஒரு பாடம்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892-ம் ஆண்டு நவம்பர் 5-ம் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் பெரிய உடலியல் விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் ஏன் மூச்சுத் திணறிச் சாகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர். விஷவாயுவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கச் சிறு பறவைகளைச் சுரங்கத்திற்குள் கொண்டுபோகும் வழக்கத்தைப் பரப்பியவர் அவரே. ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும் என்றால் அவர் அடுத்த வீட்டுக்காரரைத் தேட மாட்டார். முதல் ஆள் அவரே. இரண்டாவது ஆள் அவருடைய மகன்.

சிறு பையனாக இருந்தபோது ஒருநாள் தந்தை அவனைச் சுரங்கத்திற்குள் அழைத்துச் சென்றார். கூரை ஓரமாக எரிவாயு தேங்கி நின்ற இடத்தில் மகனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் நீண்ட வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். பையன் நாலு வரி சொல்வதற்குள் மூச்சிரைத்து, கால் தளர்ந்து, தரையில் சுருண்டு விழுந்தான். விழுந்த இடத்தில் நல்ல காற்று இருந்தது, எழுந்துகொண்டான். அந்த வாயு காற்றைவிட இலேசானது, அது மேலேதான் நிற்கும், தரையோடு தவழ்ந்தால் பிழைக்கலாம் என்ற பாடம் அவனுக்கு ஆயுள் முழுதும் மறக்கவில்லை.

கடலுக்கு அடியில் 13 வயதுச் சிறுவன்

அந்தக் காலத்தில் கடலுக்கு அடியில் வேலை செய்கிறவர்கள் பித்தளைத் தலைக்கவசமும் ரப்பர் துணி உடையும் அணிந்து இறங்குவார்கள். மேலே படகில் பம்ப் வைத்துக் காற்றை அடிக்க, குழாய் வழியே அது கீழே போகும். இறங்கும்போது பெரிதாக ஒன்றும் ஆகாது. வேலை முடிந்து மேலே வந்த பிறகுதான் வினை. மூட்டுகளில் தாங்க முடியாத வலி எடுக்கும். சிலருக்குக் கைகால் விழுந்துவிடும். சிலர் செத்தே போவார்கள். தொழிலாளர்கள் இதற்கு வைத்த பெயர் பெண்ட்ஸ்.

காரணம் ஒன்றும் மாயமில்லை. கோலி சோடாவைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். கோலி அடைத்திருக்கும் வரையில் புட்டிக்குள் நுரை தெரியாது. கோலியைத் தட்டியதும் குமிழ் குமிழாகப் பொங்கும். அதைப் போலவே ஆழத்தின் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு மனிதனின் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து கிடக்கிறது. திடீரென்று மேலே வந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழாகிவிடும்.

பிரிட்டிஷ் கடற்படை கேட்டுக்கொண்டபடி தந்தை ஹால்டேன் இதை ஆராய்ந்தார். ஆடுகளை இரும்பு அறைக்குள் அடைத்து, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும் வரை பெரும்பாலும் தீங்கு இல்லை என்று கண்டார். எனவே முதலில் பாதி ஆழத்துக்கு மேல் வேகமாக வரலாம். அதற்குப் பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வர வேண்டும் என்று அட்டவணை போட்டார். 1906-ல் ஸ்காட்லாந்துக் கடலில் 2 கடற்படை அதிகாரிகள் இந்த முறைப்படி 210 அடி வரை இறங்கி நலமாகத் திரும்பினார்கள். 1908-ல் அட்டவணை அச்சில் வந்தது. இன்று உலகில் ஆழக் கடலில் இறங்கும் ஒவ்வொருவரும் கையில் கட்டியிருக்கும் கணக்குக் கருவிக்கு அந்த அட்டவணைதான் பாட்டன்.

அதே 1906-ல் 13 வயது மகனும் கப்பலில் கூடவே இருந்தான். அவனையும் தந்தை கடலுக்குள் இறக்கினார். உடை பெரியவர்களுக்குத் தைத்தது. மணிக்கட்டில் பொருந்தவில்லை. தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே வந்தது. பையன் பதறாமல், காற்றுக் குழாயின் திருகைச் சரிசெய்து தண்ணீரைத் தலைக்குக் கீழே தள்ளி வைத்துக்கொண்டு, சொன்ன நேரம் வரை கீழே இருந்துவிட்டு, நனைந்த கோழியாக மேலே வந்தான்.

ரயில்வே சுரங்கமும் இரண்டு வகை மூச்சும்

தண்ணீருக்குள் மூச்சு விட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றை இழுத்து, விட்ட மூச்சைத் தண்ணீரில் குமிழாகப் போக்கிவிடுவது. இதைத் திறந்த சுற்று, அதாவது ஓபன் சர்க்யூட் என்கிறார்கள். தீயணைப்பு வீரர்களின் சிலிண்டர் இந்த வகை. இன்னொன்று, விட்ட மூச்சை வீணாக்காமல் ஒரு பைக்குள் பிடித்து, அதிலுள்ள கரியமிலவாயுவை ஒரு ரசாயனப் பொடியால் உறிஞ்சி எடுத்து, குறைந்த பிராணவாயுவைச் சேர்த்து, அதே மூச்சைத் திரும்பவும் இழுப்பது. இதற்கு ரீபிரீதர் என்று பெயர்.

இரண்டாவது வகை புதிது அல்ல. 1878-லேயே ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் அதைச் செய்துவிட்டார். அதன் பெருமையை உலகுக்குக் காட்டியது ஒரு ரயில்வே வேலை. இங்கிலாந்தில் செவர்ன் நதிக்கு அடியில் ரயில் பாதைக்காகச் சுரங்கம் தோண்டினார்கள். 1879-ல் ஊற்று உடைத்துக்கொண்டு சுரங்கம் முழுகிவிட்டது. உள்ளே இருந்த ஓர் இரும்புக் கதவை அடைத்தால்தான் தண்ணீரை இறைக்க முடியும். அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பாளர் காற்றுக் குழாயோடு போய்ப் பார்த்தார். இருட்டில், இடிபாடுகளுக்கு நடுவே அந்த நீளக் குழாயை இழுத்துக்கொண்டு அவரால் போக முடியவில்லை. 1880 நவம்பரில் ஃப்ளூஸின் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு மீண்டும் போனார். குழாய் இல்லை, கயிறு இல்லை. கதவை அடைத்துவிட்டுத் திரும்பினார். அந்தச் சுரங்கத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

திறந்த சுற்றில் கெட்டுப்போவதற்கு உறுப்புகள் குறைவு; ஆனால் செலவாளி. மூடிய சுற்று சிக்கனம், ஆனால் நம்பலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை பின்னாளில் மகன் ஹால்டேன் தலையில் விழுந்தது.

போர்க்களமும் பல்கலைக்கழகமும்

மகன் ஹால்டேன் ஆக்ஸ்போர்டில் கணிதமும் பிறகு கிரேக்க, லத்தீன் இலக்கியமும் படித்தார். விஞ்ஞானத்தில் அவர் பட்டமே வாங்கவில்லை என்பது பலரும் அறியாத செய்தி. முதல் உலக யுத்தத்தில் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் சேர்ந்து பிரான்சில் போரிட்டார். 1915-ல் ஜெர்மானியர் குளோரின் விஷவாயுவைப் பிரயோகித்தபோது, முகமூடிகளைச் சோதிக்க வந்த தந்தையோடு சேர்ந்து விஷவாயு நிறைந்த அறைக்குள் மாறி மாறிப் போய் நின்றார். பின்னர் மெசபொடேமியாவில் காயம் பட்டு, சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்த நாட்டின் மீது அவருக்கு உண்டான பிரியம் அப்போது தொடங்கியது.

யுத்தம் முடிந்த பின் 1923-ல் கேம்பிரிட்ஜ், 1933-ல் லண்டன் யூனிவர்சிடி கல்லூரி. டார்வினின் பரிணாமக் கொள்கையையும் மெண்டலின் பரம்பரை விதிகளையும் கணிதத்தால் இணைத்த மூவரில் அவர் ஒருவர். 1932-ல் ராயல் சொஸைட்டி உறுப்பினர். அந்தப் புகழோடு சௌகரியமாக உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. தொழிலாளர் பத்திரிகையில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார், ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவை எதிர்த்த மக்கள் அரசுக்குத் துணையாகப் போய் நின்றார், கம்யூனிஸ்ட் ஆனார். பல ஆண்டுகளுக்குப் பின், சோவியத் நாட்டில் மரபியல் விஞ்ஞானம் அரசியலால் நசுக்கப்பட்ட சமயத்தில் அக்கட்சியை விட்டும் விலகினார்.

99 பேர் மாண்ட கப்பல்

1939 ஜூன் 1-ம் தேதி லிவர்பூல் அருகே கடலில் தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டம் போயிற்று. வழக்கமான சிப்பந்திகளைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆட்கள், 103 பேர், உள்ளே இருந்தார்கள். கப்பலைக் கட்டிய துறையின் தொழிலாளர்களும் அதில் பலர். டார்பிடோக் குழாய் ஒன்றின் வெளிக்கதவு திறந்திருப்பது தெரியாமல் உள்கதவைத் திறந்துவிட்டார்கள். கடல் உள்ளே புகுந்தது. கப்பலின் மூக்கு தரையில் குத்தி நிற்க, வால் பகுதி மணிக்கணக்கில் தண்ணீருக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது. ஆனால் தப்பியவர்கள் 4 பேர்தான். 99 பேர் மாண்டார்கள்.

இத்தனைக்கும் உள்ளே தப்பும் கருவிகள் இருந்தன. டேவிஸ் கருவி என்று அதற்குப் பெயர். மார்பில் கட்டிக்கொள்ளும் சிறு ரீபிரீதர்தான் அது. பின் ஏன் இத்தனை பேர் செத்தார்கள்? இறந்தவர்களின் தொழிற்சங்கங்கள் ஹால்டேனை அணுகின. எங்கள் ஆட்கள் எப்படிச் செத்தார்கள் என்று சொல்லுங்கள் என்பதே அவர்கள் கேட்டது.

ஹால்டேன் காகிதத்தில் விடை எழுதவில்லை. ஸ்பெயின் போரில் பங்குகொண்ட 4 தோழர்களைச் சேர்த்துக்கொண்டார். லண்டனில் முக்குளிப்புக் கருவிகள் செய்யும் சீப் கோர்மன் கம்பெனியின் இரும்பு அறைக்குள் அவர்களோடு தாமும் அடைபட்டுக்கொண்டார். அடைத்த அறையில் ஆட்கள் விட்ட மூச்சே விஷமாக ஏறத் தொடங்கியது. தலை வெடித்தது. நாய் இரைப்பது போல மூச்சிரைத்தது. அந்த நிலையில் தப்பும் கருவியை வாயில் வைத்தபோது சிலருக்கு வாந்தியும் வந்தது. தண்ணீருக்குள் முகமூடிக்குள்ளே வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரியமிலவாயுவால் தளர்ந்துபோன மனிதன், கையில் கருவி இருந்தும் அதை இயக்கத் தெம்பின்றிப் போவான் என்பது நிரூபணமாயிற்று. அந்த 99 பேரின் சாவுக்கு வெறும் விதியைக் காரணம் காட்ட இனி முடியாது.

இரும்பு அறைக்குள் ஒரு தவம்

சில மாதங்களில் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. யாரை அரசாங்கம் சந்தேகக் கண்ணோடு பார்த்ததோ அதே ஹால்டேனைக் கடற்படை அழைத்தது. நீர்மூழ்கியிலிருந்து தப்புவது எப்படி, குமிழ் விடாமல் எதிரியின் துறைமுகத்திற்குள் முக்குளித்துப் போவது எப்படி என்ற இரண்டுக்கும் விடை வேண்டியிருந்தது. குமிழ் விடாமல் போக ரீபிரீதரால்தான் முடியும்.

ஹால்டேனும் அவருடைய சகாக்களும் இரும்பு அறைக்குள் போவதும் வருவதுமாக நாட்களைக் கழித்தார்கள். அழுத்தம் 10 மடங்கு வரை ஏற்றப்பட்டது. அது கடலுக்கடியில் 300 அடி ஆழத்துக்குச் சமம். அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் சாராயம் போல வேலை செய்தது. படித்த பேராசிரியர்கள் காரணமின்றிச் சிரித்தார்கள். எளிய கணக்கைத் தப்பாகப் போட்டார்கள். தப்பு என்று தெரியாமலே பெருமைப்பட்டார்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியம் கலந்தால் புத்தி தெளிவாக இருப்பதையும் கவனித்தார்கள். பனிக்கட்டி மிதக்கும் தொட்டிக்குள் படுத்தபடியே கரியமிலவாயு கலந்த காற்றையும் சுவாசித்துப் பார்த்தார்கள். மார்ட்டின் கேஸ் என்பவரோடு சேர்ந்து ஹால்டேன் 1941-ல் இந்த முடிவுகளை வெளியிட்டார்.

எல்லாவற்றிலும் பயங்கரம் பிராணவாயுவின் மறுமுகம். உயிர் காக்கும் அந்த வாயுவே அழுத்தத்தில் உயிரை எடுக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயந்தான். எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரத்தில் என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஹால்டேன் தாமே சுவாசித்துப் பார்த்தார். உதடு துடிக்கும், முகம் இழுக்கும், பிறகு காக்காய் வலிப்பு போலக் கை கால் வெட்டிக்கொள்ளும். ஆராய்ச்சியில் கூட இருந்த ஹெலன் ஸ்பர்வே அம்மையாருக்கும் வலிப்பு வந்தது. 1945-ல் ஹால்டேன் இந்த அம்மையாரைத்தான் மணந்தார். ஒருமுறை ஹால்டேனுக்கு வந்த வலிப்பில் அவருடைய முதுகெலும்பின் கண்ணிகளே நசுங்கிவிட்டன. அந்த நோவு கடைசி வரை அவரை விடவில்லை. அழுத்த மாற்றத்தில் செவிப்பறை கிழிந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல், இப்போது சுருட்டுப் புகையைக் காது வழியாக விட முடிகிறது, கூட்டத்தில் வேடிக்கை காட்டலாம் என்று எழுதி வைத்தார்.

அவரைத் தொடர்ந்து கென்னத் டொனால்ட் என்ற கடற்படை டாக்டர் நூற்றுக்கணக்கான சோதனைகள் நடத்தினார். வியப்பான ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒரே ஆள் ஒருநாள் ஒரு மணி நேரம் தாங்குவார்; இன்னொரு நாள் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வந்துவிடும். நேற்றுத் தாங்கினேன், இன்றும் தாங்குவேன் என்ற வீம்புக்கு அங்கே இடமில்லை. எனவே தூய பிராணவாயு ரீபிரீதரோடு 25 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று டொனால்ட் வரம்பு கட்டினார். முன்பு இதைவிடப் பல மடங்கு ஆழத்துக்குப் போகலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எதை முதலில் பயில்வது?

இதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஷாக் கூஸ்தோ ஒரு பிராணவாயு ரீபிரீதரைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒன்றுக்கு இரண்டு முறை வலிப்பு வந்து மயிரிழையில் தப்பினார். அந்தக் கருவியை அவர் ஒதுக்கி வைத்தார். 1943-ல் என்ஜினீயர் எமில் காஞானோடு சேர்ந்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் திறந்த சுற்றுக் கருவியைச் செய்தார். உலகெங்கும் சாதாரண மக்கள் கடலுக்குள் இறங்க வழி பிறந்தது அதனால்தான்.

ஆனால் ஆழம் கூடக் கூடத் திறந்த சுற்று தரித்திரத்தில் கொண்டுபோய் விடும். கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆள் தரையில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் காற்று இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் 2400 லிட்டர். தரையில் அது 2 மணி நேரம் வரும். 100 அடியில் அழுத்தம் ஏறக்குறைய 4 மடங்கு. ஆகவே 30 நிமிஷம். 300 அடியில் 10 மடங்கு. ஆகவே வெறும் 12 நிமிஷம். திரும்பி வரும் செலவும் அதற்குள்தான். இத்தனைக்கும் உடல் எடுத்துக்கொள்ளும் பிராணவாயு, ஓரளவு வேலை செய்யும்போதும் நிமிஷத்துக்குச் சுமார் ஒரு லிட்டர்தான். மீதியெல்லாம் குமிழாகப் போகிறது. கலந்திருப்பது விலை உயர்ந்த ஹீலியம் என்றால் பணமும் குமிழாகப் போகிறது.

ரீபிரீதரில் இந்த விரயம் இல்லை. எந்த ஆழத்திலும் நிமிஷத்துக்கு அந்த ஒரு லிட்டர்தான் செலவு. ஒரு சிறு சிலிண்டர் பல மணி நேரத்துக்குப் போதும். அதனால் மிக ஆழத்துக்குப் போக விரும்புகிறவர்கள், முதலிலேயே ரீபிரீதர் பயிற்சிக்குப் போய்விடலாமா, அல்லது திறந்த சுற்றில் நன்றாகத் தேறிவிட்டுப் போகலாமா என்று இன்று யோசிக்கிறார்கள்.

ஹால்டேன் பட்ட பாட்டிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது. சிலிண்டரில் காற்று தீர்ந்தால் முள் காட்டும், மூச்சு இழுக்கக் கனமாகும், ஆள் உஷாராவார். ரீபிரீதர் அப்படி எச்சரிக்காது. பிராணவாயு குறைந்தால் தூக்கம் போல மயக்கம் வந்துவிடும், கூடினால் வலிப்பு, உறிஞ்சும் பொடி களைத்துப்போனால் கரியமிலவாயு ஏறி, தீட்டிஸ் கப்பலில் இருந்தவர்களைப் போலப் புத்தியும் தெம்பும் கெடும். இம்மூன்றையும் கண்காணிக்க மின் உணர்கருவிகள் வந்துவிட்டன. பிராணவாயுவின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் 1.4 மடங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது இப்போதைய வழக்கம். ஆனால் உணர்கருவியும் கருவிதானே! அது பொய் சொல்லும்போது கண்டுபிடிக்க மனிதன் வேண்டும்.

கருவி பழுதானால் என்ன கதி? ரீபிரீதரோடு ஆழத்துக்குப் போகிறவர் பக்கத்தில் திறந்த சுற்றுச் சிலிண்டர்களையும் கட்டிக்கொண்டுதான் போகிறார். கருவி கைவிட்டதும் அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சிலிண்டருக்கு மாறி, படிப்படியாக நின்று மேலே வர வேண்டும். ஆக, தப்பும் வழி திறந்த சுற்றுதான். அந்த வழியில் பழகாதவருக்குத் திரும்பும் பாதை தெரியாது. திறந்த சுற்றில் காற்றைப் பங்கு பிரிக்கவும், நிறுத்தங்களில் நிதானமாக நிற்கவும் முதலில் பயில்வதில் ஒரு நாளும் வீண் இல்லை. அதற்குப் பிறகு, ஆழம் உண்மையிலேயே கேட்டால், ரீபிரீதரைப் புதிய மாணவனின் பணிவோடு அடியிலிருந்து பயிலலாம். சிலிண்டரில் பெற்ற அனுபவத்தை நம்பி அதில் அலட்சியம் காட்டினால், அந்த அனுபவமே ஆளைக் கொண்டுபோய்விடும்.

இந்தியா அழைத்தது

1956-ல் பிரிட்டன் சூயஸ் கால்வாய் விஷயத்தில் எகிப்தின் மீது படையெடுத்தது. ஹால்டேன் மனம் வெறுத்தார். 1957-ல் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு கல்கத்தா வந்து, பேராசிரியர் மஹலநோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். கோட்டும் பூட்ஸும் போயின. ஜிப்பாவும் வேட்டியும் வந்தன. 60 வருஷம் காலுறை போட்டது போதும் என்று வேடிக்கையாகச் சொல்லுவார். மாமிசத்தை விட்டார். இந்தியக் குடியுரிமை பெற்றார்.

இந்தியாவில் ஆராய்ச்சி செய்ய விலையுயர்ந்த யந்திரங்கள் வேண்டியதில்லை, கண்ணும் பொறுமையும் கணக்கும் இருந்தால் போதும் என்று இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் டி.ஏ. டேவிஸும் ஒருவர். காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். தென்னை மரத்தின் ஓலைகள் சிலவற்றில் இடம் சுழியாகவும் சிலவற்றில் வலம் சுழியாகவும் அடுக்கியிருப்பதை அவர் ஆயிரக்கணக்கில் எண்ணிப் பார்த்திருந்தார். தென்னந்தோப்பில் இப்படி எண்ணிக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்து ஊரார் சிரிக்கலாம். ஹால்டேன் சிரிக்கவில்லை, அதுதான் விஞ்ஞானம் என்று தட்டிக்கொடுத்தார். அந்தச் சுழி தாய் மரத்திலிருந்து பிள்ளைக்கு வருவதில்லை என்ற டேவிஸின் முடிவு 1962-ல், ஹால்டேன் ஆசிரியராக இருந்த மரபியல் ஏட்டில் வெளிவந்தது. நன்றி மறவாத டேவிஸ் பின்னாளில் நாகர்கோவிலில் ஹால்டேன் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி மையம் அமைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடும் ஊர்!

கடைசிப் பாடம்

1962-ல் ஹால்டேன் புவனேஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்து, ஒரிஸா அரசின் ஆதரவோடு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். அடுத்த ஆண்டே நோய் தலைகாட்டியது. லண்டன் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். அவர் படுக்கையில் இருந்தபடியே புற்றுநோயைக் கேலி செய்து பாட்டு எழுதினார். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்வதே அந்தக் கேலியின் உள்நோக்கம். 1964 டிசம்பர் 1-ம் தேதி புவனேஸ்வரத்தில் காலமானார். வயது 72.

வாழ்நாள் முழுதும் சோதனைக்குக் கொடுத்த உடலை இறந்த பிறகும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய விருப்பப்படி அது காக்கிநாடா ரங்கராய மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிப்பதற்காக அனுப்பப்பட்டது.

விழிஞ்ஞம் கடலில் இன்றும் பாறைகளில் சிப்பி எடுப்பவர்கள் ஒரே மூச்சில் இறங்கி ஏறுகிறார்கள். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களில் பலர் படகிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்வி இறங்குகிறார்கள். கொச்சியில் கடற்படை தன் வீரர்களை முக்குளிப்பில் பயிற்றுவிக்கிறது. இவர்களில் யாருக்கும் முதலாவது தேவை வீரம் அல்ல. தன் மூச்சின் கணக்கைத் தான் அறிந்திருப்பது. அவர்களை இறக்கிவிட்டு மேலே நிற்கிறவர்களுக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் போகும் தொழிலாளி செத்தால் அதைத் தலைவிதி என்று எழுதி மூடிவிடக் கூடாது, ஏன் என்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் ஹால்டேன் அந்த இரும்பு அறைக்குள் போனார்.